தொண்ணூற்றிரண்டு மார்க் ஒயின்

அன்று வீட்டில் இருந்தது நாலே பேர்: நான், என் மனைவி, மகள், மனைவியின் தம்பி. மகளுக்குச் செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்து, முதல் சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை. மச்சினன் குடியை விட்டுப் பதினோரு மாதம். மும்பை தாராவியில் எங்களோடுதான் இருந்தான்.

ஆபீஸ் பிள்ளைகளைப் போல ரெட் ஒயினோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. மாமா இருக்கிறாரே, சரக்கு இல்லாத ஒயினும் வருகிறது, அதை வாங்குங்கள் என்றாள். கையில் பணம் போதவில்லை. மச்சினனிடமே ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கினேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

நான் பெல்ட் தைக்கிறவன். படிப்பு ஏழாவதோடு சரி. குடித்ததும் கிடையாது. மாட்டுங்காவில் ஒயின் ஷாப்காரன் 92 என்று தங்க ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலை எடுத்து வைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டாம். நான் எந்தப் பாடத்திலும் பார்க்காத மார்க். சரக்கு இல்லாததா என்று கேட்டால் வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்று பயம். இனிக்குமா என்று மட்டும் இந்தியில் கேட்டேன்.

"நஹி பாய், ஏக்தம் டிரை." இல்லையாம், சுத்தமாக டிரையாம்.

மனசு லேசாகிவிட்டது. இந்த ஊரில் டிரை டே என்றால் சரக்கு கிடைக்காத நாள். அப்போது டிரை ஒயின் என்றால்? இரண்டாயிரத்து ஐநூறைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"ஏங்க, தம்பி இருக்கான். இதுல ஒண்ணும் இல்லல்லா?" என்றாள் மனைவி.

"டிரைன்னு கடைக்காரனே சொல்லிட்டான்."

குத்தூசியால் தக்கையைப் பிய்த்து எடுத்து, நாலு கிளாசில் ஊற்றினேன். திராட்சை ஜூஸ் மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கடுக்காயைக் கடித்ததுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது.

"எப்பா, இதுக்கா தொண்ணூத்திரெண்டு? பேப்பர் திருத்துனவருக்கு நாக்கே கிடையாது போல" என்றாள் மகள். மனைவி வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தாள்.

மச்சினன் மட்டும் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினான். யாரையும் பார்க்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு அத்தான். வீணாவா போவணும்? இங்க தாங்க."

ஒருத்தனுக்காவது பிடித்ததே என்று எனக்கு ஆறுதல். எங்கள் மூன்று கிளாசையும் அவன் பக்கம் தள்ளினேன். மிச்சத்தையும் நானே ஊற்றினேன்.

போட்டோவுக்காகக் காலி பாட்டிலைத் திருப்பிய மகள், "எப்பா, ஆல்கஹால் பதினாலு பெர்சென்ட்னு போட்டிருக்கு. ஒயின்ல டிரைன்னா இனிப்பு இல்லாததுப்பா" என்றாள்.

"ஏலே, ஒனக்குத் தெரியலையாலே?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"மொத மடக்குலயே தெரிஞ்சிட்டுக்கா. அத்தான் கையால ஊத்துதாவ, நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

செவ்வாய்க்கிழமை அவனே சரக்குக் கடை தேடிப் போனான். இப்போது தினமும் போகிறான். சாயங்காலமானால் வாசலில் வந்து நிற்கிறான். "அத்தான், எம் பணம்."

கொடுத்தால், மறுபடி நானே ஊற்றிக் கொடுத்ததாகும். கொடுக்காவிட்டால், அவன் பணத்தை அமுக்கியவன். மனைவி என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. அவனுக்குத் தர வேண்டியது இன்னும் அப்படியே இருக்கிறது, ஆயிரத்து இருநூறு ரூபாய்.