வெள்ளை மட்டைகள்

பவளராணி யாரையும் நம்பமாட்டாள். நம்ப நட, நம்பி நடவாதே என்பதைப் பிறந்த அன்றே காதில் ஓதிவிட்டார்கள் போலும். டென்மார்க்கின் இக்காஸ்டில் அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கோப்பிக்கு வைத்த பால் திரிந்தால்கூட, யார் என்ன கலந்தது என்றுதான் முதலில் பார்ப்பாள். அப்படிப்பட்டவள், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பக்கெற்றுகளை வாங்கிப் பிரிக்கும் பைத்தியத்தில் விழுந்ததுதான் வேடிக்கை.

பழி முழுவதும் ரொறன்ரோவில் இருக்கும் தம்பியைத்தான் சேரும். ஒரு கோடை விடுமுறையில் அவன் அவளைப் பேஸ்போல் ஆட்டம் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை வரும் ஏதோ ஒன்று என்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவள், ஒருவன் அடித்த பந்து விளக்குகளுக்கு மேலால் போனதைக் கண்டதும் எழுந்து நின்று கத்தினாள். வெளியே வரும்போது தம்பி ஒரு பக்கெற் அட்டை வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஆட்டக்காரனின் படம். எங்கோ ஒன்றில் அவன் ஆட்டத்தில் போட்ட சட்டைத் துணியில் ஒரு துண்டு பதித்திருப்பார்களாம். அந்தத் துணி அட்டை தன் கையில் ஒருநாள் கிடைக்கவேண்டும் என்ற ஆசையோடு டென்மார்க்குக்குத் திரும்பினாள்.

இங்கே இதை யாரோடு கதைப்பது? தமிழருக்குக் கிரிக்கெட், டேனிஷ்காரருக்கு உதைபந்தும் கைப்பந்தும். அதே இல்லத்தில் வேலை செய்யும் நிரோஜினி மட்டும்தான் காது கொடுத்துக் கேட்டாள். இளையவள், இங்கேயே பிறந்தவள், கார் வைத்திருப்பவள். சனிக்கிழமைகளில் இருவரும் ஹேர்னிங்கிலுள்ள அட்டைக் கடைக்குப் போய், பாதிப் பாதி போட்டு ஒரு பெட்டி பக்கெற்றுகள் வாங்கி, கடை மேசையிலேயே வைத்துப் பிரிப்பார்கள். மினுங்கும் தாளைக் கிழித்ததும் குப்பென்று வரும் அச்சு மணத்துக்குப் பவளராணி சொக்கிப்போவாள். கணவர் போனபின் வீட்டில் அவளுக்குப் பேச ஆளில்லை. நிரோஜினி இல்லாவிட்டால் அவளுக்குச் சனிக்கிழமையே இல்லை.

பிறகு வெள்ளை மட்டை வரத் தொடங்கியது. படமில்லை, பெயரில்லை, தடித்த வெறும் மட்டை. பெட்டிக்குப் பெட்டி வந்தது, அதுவும் பவளராணியின் பக்கெற்றில் மட்டும். நிரோஜினிக்கோ மினுங்கல் அட்டை, கையெழுத்துப் போட்ட அட்டை. முதற் சந்தேகம் கடைக்கார ஜூலியன்மேல் விழுந்தது. நல்லதை உருவிவிட்டு மட்டையைச் செருகி ஒட்டுகிறானோ என்று பக்கெற்றின் ஓரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கள்ளனிடமே போய்க் களவைப் பற்றி விசாரிப்பார்களா? மட்டைகளை ஒருவருக்கும் காட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நாளைக்குச் சாட்சி வேண்டுமே.

அப்போதுதான் நிரோஜினியின் பெருவிரல் கண்ணில் பட்டது. பக்கெற்றுகளை எடுத்துப் பங்கு போடுவது அவள்தான். ஒவ்வொன்றையும் பெருவிரலால் மெல்ல அமுக்கினாள். சிலதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பவளராணியின் பக்கம் தள்ளினாள். பவளராணிக்கு வயிறு எரிந்தது. தவிட்டுக்கு வந்த கை தனத்துக்கும் வரும். இல்லத்தில் வயதானவர்களின் அலுமாரியைத் திறந்து மூடுகிறவளும் இவள்தானே என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்துவிட்டு அவளுடைய காரிலேயே ஏறி வீட்டுக்கு வந்தாள். இறங்கும்போது "கவனமாப் போ பிள்ளை" என்றும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை, பெட்டி பாதி முடிந்திருக்கையில் மறுபடியும் மட்டை. பவளராணி கைப்பையை மேசையில் கவிழ்த்தாள்.

"எனக்கு மட்டும் ஏன் இது வருது?"

நிரோஜினி திகைத்துப் போனாள். "இதென்ன அக்கா? இவ்வளவு நாளும் எனக்குக் காட்டேல்லையே."

"நீ அமுக்கிப் பாத்துத்தானே தாறனீ? நான் கண்ணால கண்டனான். குப்பையை எனக்குத் தள்ளிப்போட்டு நல்லதை நீ எடுக்கிறாய்."

"ஓம், அமுக்கிப் பாக்கிறனான்தான்." நிரோஜினியின் குரல் தணிந்தது. "துணி வைச்ச அட்டை மொத்தமா, தடிப்பா இருக்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மொத்தமா இருந்ததெல்லாம் உங்களுக்குத்தான் தந்தனான்."

சத்தம் கேட்டு ஜூலியன் வந்தான். மட்டைகளைக் கண்டதும் சிரித்தான். தடவிப் பார்த்துத் துணி அட்டையைப் பொறுக்குகிறவர்களை ஏய்க்கக் கம்பனியே இப்படி வெறும் மட்டையை வைக்கிறது என்று டேனிஷில் ஆறுதலாக விளக்கினான். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பானாம்.

பவளராணிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. "பிழைதான் பிள்ளை, மனசில வைக்காதை" என்றாள்.

"அதுக்கென்ன அக்கா" என்றாள் நிரோஜினி. இல்லத்தில் கோபித்துக் கத்துகிற கிழவர்களுக்கும் அவள் அதே குரலில்தான் பதில் சொல்வாள்.

வரமாட்டாள் என்றுதான் பவளராணி நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கார் வந்து நின்றது. வழியெல்லாம் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். வழக்கம்போலப் பெட்டி வாங்கி மேசையில் வைத்தார்கள். நிரோஜினி அதைத் தொடாமல் கையிரண்டையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டாள்.

"நீ பங்கு போடன் பிள்ளை" என்றாள் பவளராணி.

"வேண்டாம் அக்கா. உங்களுக்கு வேண்டியதை நீங்களே பாத்து எடுங்கோ. மிஞ்சிறதை நான் எடுக்கிறன்."