தளபதியின் தங்கை

பட்டறையில் பம்பு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மகனின் செல்போனில் அந்தப் பழைய விண்வெளித் தொடரின் முகப்பு இசை. நொடியில் மனசு சின்ன வயதின் நாகல் நகர் வீட்டுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் கடைசி ஆசீர்வாதம் வரை அப்பா எங்களை நகரவிட மாட்டார். வீடு வந்து டிவியைப் போட்டால் பாதித் தொடர் முடிந்திருக்கும். விட்ட கதையைப் பக்கத்து வீட்டுப் பூங்கொடி அக்கா சொல்லும், சின்ன வெங்காயம் உரித்தபடி, கண்ணில் நீர் வழிய. விண்கலம் நின்றுபோனால் தளபதியின் தங்கை நீலாதான் சரிசெய்வாளாம். நான் பார்த்த பாதியில் அவள் வந்ததே இல்லை.

"இஞ்சின் ரூமுக்குள்ள கெடக்குறா, எப்படித் தெரிவா?" என்று அக்கா அடித்துச் சொல்லும்.

நீலாவைப் பற்றி மகனிடம் சொன்னேன். தொடரை எடுத்த கம்பெனி போட்டிருந்த கதாபாத்திரப் பட்டியலைத் தேடிப் பார்த்தான்.

"அப்படி ஒரு ஆளே இல்லம்மா. இதுல இல்லாட்டி கதையிலயே சேராது."

தாடிக்கொம்பில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். சிரித்தது.

"அதுல அம்புட்டுப் பேரும் ஆம்பளைங்க. அந்தக் கதைய வெச்சு வெளையாடுறப்ப நீ யாரா இருப்ப புள்ள?"

பட்டியலில் இல்லாத அவளைப் பார்த்துத்தான் நான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.