அத்தைக்குப் போட்ட குழாய்

ஒருவருக்குச் சோறு ஊட்டுவதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில், என் மாமியாருக்கு நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். அத்தைக்கு மறதி முற்றிப்போயிருந்தது. பெற்ற பிள்ளைகளின் முகமே தெரியாது. என்னை 'அம்மிணி' என்பார், ஆனால் எந்தப் பெண் வந்து நின்றாலும் அவருக்கு அம்மிணிதான். சோற்றை வாயில் வைத்தால் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். விழுங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

தண்ணீர் கொடுத்தால் புரையேறும். பால், காப்பி, இளநீர், எல்லாம் அப்படித்தான். ராகிக் களியைக் கீரைக் குழம்பில் குழைத்து நெல்லிக்காய் அளவு வைத்தால் மட்டும் இறங்கும். காலமெல்லாம் களியை மெல்லாமல் விழுங்கிப் பழகிய தொண்டை அல்லவா. நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய் வைக்க வேண்டும். நான் உட்கார்ந்துவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, மஞ்சள் காட்டு ஆட்களுக்குச் சமைப்பது எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். அதற்கும் பேச்சு வாங்குவேன்.

இதைக் கெடுத்தவர்கள் பார்க்க வந்தவர்கள். எங்கள் பக்கம் வயதானவர்கள் படுக்கையில் விழுந்துவிட்டால் சொந்தபந்தம் திரண்டு வந்து ஆளுக்கு ஒரு வாய் பால் ஊற்றிவிட்டுப் போகும். தன் கையால் ஊற்றவில்லை என்றால் அவர்களுக்கு மனசு ஆறாது. புரையேறும், வேண்டாம் என்று நான் சொன்னால், ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும் என்பார்கள். ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார், நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தொட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மல்லாந்து படுத்திருந்தவர் வாயில் அரை டம்ளரைச் சாய்த்துவிட்டார். அத்தை இருமி இருமி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மறுநாளே காய்ச்சல். வாடகைக் கார் பிடித்துச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கினார்கள். அதன்பிறகு டாக்டர் என் வீட்டுக்காரரையும் அவருடைய அண்ணனையும் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவோரம் நின்று கேட்டேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றலாம். அதனால் புத்தி தெளியாது, புரையேறுவது நின்றுவிடும் என்றும் உறுதி சொல்ல முடியாது. குழாயைப் பிடுங்கப் பார்ப்பார், கையைக் கட்ட வேண்டியிருக்கும். குழாய் வேண்டாம் என்றால் வாயால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கொடுங்கள், இறங்காதபோது வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள். இப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிட்டு, வீட்டில் ஊட்டுகிறவர் யாரோ அவரையும் கேட்டுக்கொண்டு முடிவு சொல்லுங்கள் என்றார்.

கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலேயே முடிவாகிவிட்டது. நாத்தனார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பட்டினி போட்டே கொன்னுட்டாங்கன்னு ஊர் பேசுமுங்கண்ணா."

அதோடு தீர்ந்தது. அண்ணன் சரி என்றால் தம்பி தலையாட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். நான் பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

குழாயோடு வீட்டுக்கு வந்தோம். பழைய வேட்டியைக் கிழித்து அத்தையின் கை இரண்டையும் கட்டில் சட்டத்தோடு கட்டினார்கள். கட்டிவிட்டு அண்ணன் லாரி வேலை இருக்கிறது என்று ராசிபுரத்துக்குப் போய்விட்டார், நாத்தனார் ஊருக்குப் போய்விட்டார். கட்டை இழுத்து இழுத்து அத்தைக்கு மணிக்கட்டில் தோல் வழன்றுபோனது. நான் கஞ்சியை வடிகட்டிக் குழாயில் ஊற்றுவேன். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், பழக்கதோஷம், அத்தை வாயைத் திறப்பார். திறந்த வாயைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கில் ஊற்றினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெறுத்துச் செய்த வேலை வேறு கிடையாது.

கட்டு நெகிழ்ந்தால் குழாயைப் பிடுங்கிவிடுவார். டவுனிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து திரும்ப விடுவார். விடும்போது அத்தை போடுகிற சத்தம் காட்டு ஆட்கள் வரைக்கும் கேட்கும். இந்த லட்சணத்தில் நாத்தனார் மறுபடி வந்தார். குழாயைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கில் ஊற்றினால் அம்மாவுக்கு ருசி எப்படித் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். நான் டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன். அப்புறம் எதற்கு இந்தக் குழாய் என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே பஸ் ஏறினார். மரியாதை தெரியாதவள் என்று அண்ணனிடமிருந்து சேதி வந்தது.

அதற்கடுத்து அத்தை குழாயைப் பிடுங்கியபோது மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டில் காலைப் பார்த்தபடி நின்றவர், "நீ என்ன சொல்ற?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மறுபடி உட வேண்டாமுங்க. கையை அவுத்துடுங்க. எறங்குற வரைக்கும் நான் ஊட்டறேன்" என்றேன்.

"எறங்காட்டி?"

"எறங்காட்டி உட்டுடலாமுங்க."

அவரே கட்டை அவிழ்த்தார். அப்போது அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை என்ன சொல்வது. அத்தை பழையபடி களி சாப்பிட்டார். பால் சொம்போடு வந்தவர்களை வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பினேன். மழை பிடிக்கும்வரை அப்படி ஓடியது. அப்புறம் வாய் குறைந்துகொண்டே வந்து, ஒரு காலையில் விரல் உதட்டில் பட்டதும் மூடிக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். சிரமமில்லாமல்தான் போனார்.

எழவு வீட்டில் நாத்தனார் ஊரைக் கூட்டி அழுதார். மருமகள் பட்டினி போட்டுவிட்டாளாம், பெற்ற மகளை ஒரு வாய்ப் பால் ஊற்ற விடவில்லையாம். அதை நான் எதிர்பார்த்தேன், அதனால் பெரிதாக உறைக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியிடம் அண்ணன் வந்தார். அத்தனை பேர் முன்னால், குழாயை மறுபடி போட வேண்டாம் என்று சொன்னது யாருடா என்று கேட்டார்.

"அவதானுங்கண்ணா வேண்டான்னா" என்றார் என் வீட்டுக்காரர்.

பொய் இல்லை. அத்தை படுத்ததிலிருந்து என்னை ஒரு வார்த்தை கேட்டது அந்த ஒரு தடவைதான். எதற்காகக் கேட்டார் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது.