பச்சை வண்டியின் பதினைந்து விநாடி

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதில் ஒரு வரிகூடச் சேர்த்து எழுதவில்லை. நேரங்கள் எல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தவை.

என் கணவரிடம் இரண்டு பழைய கார்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. ஒரே கம்பெனி, ஒரே உடல்வாகு. எஞ்சின் மட்டும் வேறு. என் சக்களத்திகள் என்பேன். கறுப்பு மேட்டில் சீறும். ஆனால் ஆயிலைக் குடித்துத் தீர்க்கும். வாரம் ஒரு நாள் அதன் அடியில் படுத்தாக வேண்டும். பச்சை சோம்பேறி, ஆனால் ஒரு தொந்தரவும் தராது. எங்கள் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஒரே ஏற்றம். அதில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதியிருந்தார்: ‘கறுப்பு, 1 நிமிடம் 50. பச்சை, தனியாக, 2 நிமிடம் 10. பச்சை, இவளோடு, 2 நிமிடம் 25.’

“அந்தப் பதினஞ்சு விநாடியும் உன் உடம்புதான்” என்று கேலி செய்வார்.

கோடையில் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரம், ஷெட்டில் நின்ற கறுப்பு வண்டியில் உட்கார்ந்தபடியே அவருக்கு மாரடைப்பு. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. மூன்று நாள் கழித்து, நாற்றத்தை வைத்துத்தான் பக்கத்து வீட்டார் கதவை உடைத்தார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் குமட்டல்தான் வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் முப்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரு வண்டி வேண்டும். இன்னொன்றைக் கொழுந்தன் விற்றுத் தருவதாகச் சொன்னார்.

“கறுப்பு நல்லா இழுக்கும் அண்ணி.”

“அதுல நான் கால் வைக்க மாட்டேன். எனக்குப் பச்சை போதும்.”

இரண்டையும் ஓட்டிப்போய்ச் சுத்தம் செய்தார். பச்சையை என் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலை 6.50. சீட்டில் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்துபோன மாதிரிச் சூடு. ஏற்றத்தில் வண்டி முக்கியது. தொட்டியருகே கடிகாரத்தைப் பார்த்தேன்.

2 நிமிடம் 25.

வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மெக்கானிக் பிளக்கைப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

“எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு அக்கா. ஆனா கூட ஒரு ஆள் ஏறின மாதிரி இழுக்குது.” உள்ளங்கையை முகர்ந்து முகம் சுளித்தார். “உள்ள ஏதாச்சும் செத்துக் கிடக்கா?”

எலி இருக்கிறதா என்று தேடினோம். இல்லை.

ஐந்தாம் நாள் என் உடையின் பின்பக்கம் ஈரம். மஞ்சளாக, பிசுபிசுவென்று... மூன்று முறை துவைத்தும் போகவில்லை. அடுப்பில் போட்டு எரித்தேன்.

எட்டாம் நாள். 6.51. பாதி ஏற்றம். தொடைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

ஸ்பிரிங் என்று நினைத்தேன்.

6.52. பின்கழுத்தில் வெதுவெதுப்பு. ஈரம்.

க்ஹும்... க்ஹும்...

கியர் மாற்றுவதற்கு முன் அவர் அப்படித்தான் செருமுவார்.

வண்டியை நடுரோட்டிலேயே விட்டு இறங்கினேன். வாந்தி எடுத்தேன்.

மாலையில் கொழுந்தனுக்குப் போன் செய்து, இதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கறுப்பை வாங்கியவர் எதுவும் சொன்னாரா என்று கேட்டேன்.

“அவருக்கு ஏக சந்தோஷம். மேட்டுல பறக்குதாம். ஏன் அண்ணி?”

நாற்றத்தைப் பற்றிச் சொன்னேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி... எவ்வளவு கழுவியும் அது போகல. அப்படியே காட்டுனா எவன் வாங்குவான்? ரெண்டும் ஒரே அளவுதானே... டிரைவர் சீட்ட மட்டும் மாத்திப் போட்டேன்.”

மூன்று நாள் அவர் உட்கார்ந்திருந்த சீட்.

எட்டு நாள் நான் அவர் மடியில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன்.