இறங்குவதற்குத் தனிக் கட்டணம்

எங்கள் மாமாவை அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். அவர் என் அக்காவின் கணவர். அவர் சிபாரிசில்தான் எனக்கு அங்கே கீழ்த்தள லாபியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் மனிதர் பதறமாட்டார். மொட்டைமாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து முதலில் இன்டர்காமை எடுத்து, "உள்ள எத்தனை பேரு இருக்கீங்க? யாருக்காவது மூச்சு முட்டுதா?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்.

"உள்ள யாருன்னு தெரியாம லிஃப்டத் தொடறவன் மெக்கானிக்கே இல்லடா" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு நாள் கேட்க மறந்தார். மறக்க வைத்தவர் ஆறாவது மாடி டிராவல்ஸ்காரர். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. ஆகவே இந்தக் கதையை நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அக்காவுக்கு ஒரு தடவையாவது கப்பலில் போக வேண்டும் என்று ஆசை. வேறு எதற்கும் அவள் வாயைத் திறந்து கேட்டவள் இல்லை. மாமா இதை லிஃப்டில் வைத்துப் பேச்சுவாக்கில் சொல்ல, டிராவல்ஸ்காரர் அங்கேயே தோளில் கைபோட்டுவிட்டார்.

"நீங்க நம்ம ஆளு. கையை வீசிக்கிட்டுப் போங்க. ரூமு, சாப்பாடு, ஃப்ரிட்ஜு, ஆட்டம் பாட்டம், எல்லாம் டிக்கெட்டுலயே சேர்த்தி."

அக்காவுக்கு அப்போதே சந்தேகம். "அங்க போனப்புறம் வேற எதுவும் கேக்க மாட்டாங்களே?" என்று மாமாவை நச்சரித்தாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. இந்த வார்த்தையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மறக்கவில்லை.

இருவரும் கப்பல் ஏறினார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் அது நின்றபோது ஒரு வரி. அறையைப் பெருக்குகிறவர்களுக்கு, பரிமாறுகிறவர்களுக்கு, சிரித்து வணக்கம் சொல்கிறவர்களுக்கு என்று தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு சேவைக் கட்டணம். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்த்தால் நாற்காலிக்குத் தனி. யாரும் கையில் காசு கேட்கவில்லை. அறைக் கதவைத் திறக்கிற அட்டையையே எல்லா இடத்திலும் தேய்த்துக்கொண்டார்கள். தேய்க்கத் தேய்க்க மாமாவுக்கு அது இலவசம் என்றே தோன்றியிருக்கிறது. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊரில் நாலு பேரைப்போல நாங்களும் ஏமாந்தோம் என்று விட்டுவிடலாம்.

ஃப்ரிட்ஜ்தான் எங்களை அழித்தது.

அக்காவுக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. அறைக்குள் நுழைந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அடித்தட்டில் எதுவோ சிந்திப் பிசுபிசுத்துக் கிடந்தது. உள்ளே இருந்த பாட்டில்களையெல்லாம் வெளியே எடுத்து வரிசையாக வைத்து, ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்து, பாட்டில்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப அடுக்கினாள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வீட்டில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தாள். அந்தப் பாழாய்ப்போன ஃப்ரிட்ஜோ, பாட்டில் இடத்தைவிட்டு நகர்ந்தாலே குடித்துவிட்டார்கள் என்று கணக்கு எழுதிக்கொள்கிற சாதி. கதவின் உட்புறம் எறும்பு அளவு எழுத்தில் அது போட்டிருந்ததாம். அதை யார் படித்தார்கள்?

கடைசி நாள் காலை இறங்குகிற வரிசையில் இவர்களை நிறுத்திவிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் ஊருக்கே கேட்கிற குரலில் படித்தாளாம். பீர் இத்தனை, விஸ்கி இத்தனை, ஒயின் இத்தனை. பின்னால் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு ஒருவன் கைதட்டினான்.

எங்கள் அப்பா குடித்துக் குடித்தே வீட்டை அழித்தவர். அந்த வாடை காற்றில் வந்தாலே அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு தெருவில் போவாள். அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். மானம் கப்பலேறியது என்று சொல்வார்களே, எங்கள் வீட்டில் அது டிக்கெட் எடுத்தே ஏறியது.

மாமா அங்கிருந்தே டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டார். "சார், என் வீட்டுக்காரி குடிக்கறவ இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை இவங்ககிட்ட சொல்லுங்க சார்."

"குடிச்சது நீங்க, சாட்சி சொல்றது நானா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா ஊருக்கு வந்து வளையலை விற்று அந்தப் பணத்தைக் கட்டினாள். வளையல் போனதற்கு அவள் அழவில்லை. ஆனால் இவர்கள் வந்து சேர்வதற்குள் கதை கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. "லிஃப்ட்காரர் வீட்டம்மா கப்பலையே குடிச்சுக் காலி பண்ணிட்டாங்கப்பா" என்று டிராவல்ஸ்காரர் மாடிக்கு மாடி சொல்லி வைத்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பெண்கள் அக்காவைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு லாபி வழியாக நிமிர்ந்து வருகிறவள், அதன்பிறகு வண்டிகள் நிற்கிற பேஸ்மென்ட் வழியாகவே வந்தாள். மாமா கீழே போய் வாங்கிக்கொள்வார். அவள் அங்கிருந்தே திரும்பிவிடுவாள்.

மாமா ஒரு நாள் ஆறாவது மாடிக்குப் போனார். நானும் கூட நின்றேன்.

"காசு வேணாம் சார். லாபியில நாலு பேரு முன்னால, அவ குடிக்கலன்னு சொல்லிடுங்க. அது போதும்."

"மெக்கானிக்குக்கு ரோஷத்தப் பாரேன்" என்று டிராவல்ஸ்காரர் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாமா திரும்பி வெளியே வந்தார். படியிறங்கும்போது, "இவன் என் லிஃப்ட்லதானடா தினம் ஏறுறான்" என்றார். எனக்கு அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். அந்த ஆள் ஒன்றில் தனியாக ஏறுகிற நேரத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு மதியம் அது வாய்த்தது. போனைக் காதில் வைத்தபடி லாபிக்குள் வந்தார். பேஸ்மென்டிலிருந்து மேலே வந்துகொண்டிருந்த லிஃப்ட் நின்று திறந்தது. என் மேசையிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது, லிஃப்டுக்குள் கேமராவும் கிடையாது. அவர் முதுகு உள்ளே போனது, கதவு மூடியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"மாமா, ஆளு ஏறிட்டான். தனியா."

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் அசையாமல் நின்றது. நான் மேசை மேலிருந்த இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். கூரியர்காரர், லாபி சோபாவில் உட்கார்ந்திருந்த இன்ஷூரன்ஸ் பெண்கள், மற்ற லிஃப்டுக்காக நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமா வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்கவில்லை.

"வணக்கம் சார். பயப்படாதீங்க. லிஃப்ட்ல ஏறுறதுக்குக் காசு கிடையாது, எல்லாம் சேர்த்திதான். இறங்குறதுக்குத்தான் தனி."

"யோவ், என்ன விளையாட்டு இது? கதவத் திறய்யா!"

"கதவு திறக்கத் தனி. ஃபேன் ஓடுதில்ல, அதுக்குத் தனி. கண்ணாடியில முகம் பாத்தீங்களா? அதுவும் எழுதியாச்சு. மூணாவது மாடியத் தாண்டினதுக்கு மாடி வரி. அப்புறம் உங்ககூட இவ்வளவு நேரம் மரியாதையாப் பேசறேன் பாருங்க, அது சேவைக் கட்டணம். அது தலைக்கு. நீங்க ஒரு தலைதானே?"

லாபியில் சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ரெண்டு தலை."

அக்கா! மாமா சாப்பாடு வாங்கக் கீழே போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. அவளே பேஸ்மென்டில் லிஃப்ட் ஏறி மேலே கொண்டுவந்திருக்கிறாள்.

"நீயா? அய்யோ, நீ எங்கம்மா அதுல? இரு, இரு, இப்பவே எடுக்கறேன்…"

"எடுக்காதீங்க." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஏறினதும் இவரு என்னைப் பாத்து, என்னக்கா, இன்னைக்கு எத்தனை பாட்டில்னு கேட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல. சொல்லி முடிக்கிற வரைக்கும் சுவிட்சத் தொடாதீங்க."

மாமா தொடவில்லை.

"சொல்லுங்க சார். ஃப்ரிட்ஜுல கை வெச்சா காசுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அக்கா, அது வந்து… கம்பெனி ரூல்ஸ்…"

"எனக்கு அவசரமில்ல. சாப்பாடு கையில இருக்கு. பசிச்சா நான் சாப்பிட்டுக்கறேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

கேரியரின் மூடி திறக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இன்ஷூரன்ஸ் பெண்களில் ஒருத்தி "அப்படிப் போடு" என்றாள்.

"தெரியும்" என்றார் டிராவல்ஸ்காரர்.

"சத்தமா."

"தெரியும்! சொன்னா நீங்க டிக்கெட் எடுக்க மாட்டீங்கன்னு சொல்லல."

"துறைமுக வரி, சேவைக் கட்டணமெல்லாம்?"

"அதையும்தான் சொல்லல."

"நான் குடிச்சேனா?"

"இல்லக்கா. நீங்க தொடக்கூட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். சும்மா… சிரிக்கறதுக்குச் சொன்னேன். மன்னிச்சுடுங்கக்கா."

லாபியில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. அந்த ஆளின் குரல் நடுங்கியதைக் கேட்க எனக்கு அவ்வளவு இனித்தது. இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கட்டும் என்றுதான் இருந்தது.

"ஏங்க, இறக்குங்க" என்றாள் அக்கா. "பேஸ்மென்ட் வேணாம். லாபியில நிறுத்துங்க."

கதவு திறந்ததும் டிராவல்ஸ்காரர் முதலில் வெளியே வந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வெளுத்துப்போன முகத்தோடு தெருவாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். கூரியர்காரர் வழிவிடவில்லை. சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பிறகு அக்கா வந்தாள். நடு லாபியில் நிமிர்ந்து நடந்து வந்து கேரியரை என் மேசைமேல் வைத்தாள். இன்ஷூரன்ஸ் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சாப்பாடு இங்கயே இருக்கட்டும்" என்றாள் என்னிடம். "உங்க மாமாவ இறங்கி வரச் சொல்லு."

நான் இன்டர்காமை எடுக்கும்போதே அக்கா சேர்த்துச் சொன்னாள்.

"லிஃப்ட்ல இல்ல, படியில. எல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொன்னவரு, ஒவ்வொரு மாடியாப் பாத்துக்கிட்டே வரட்டும்."