கயிறு கட்டிய லிவரும் கடப்பாக்கத்து மணலும்

லாரி கடலோரத்தில் புதைந்து நிற்கிறது. அலை பின்சக்கரம் வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே இரண்டு ஆண்பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். வெளியே, சக்கரத்துக்கு அடியில் போடப் பனையோலையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டுப் பெண்கள் நிற்கிறோம். எழுபதுகளில் கடப்பாக்கம் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றும் வேலை எனக்கு. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அது பட்டாளத்தில் கழித்துவிட்ட ஆறு சக்கர வண்டி. சாதாரணமாகப் பின்னால் இருக்கிற நாலு சக்கரம்தான் இழுக்கும். கியருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லிவர் உண்டு. ஒன்றைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும்; அது மணலுக்குத்தான், தார் ரோட்டுக்கு ஆகாது. இன்னொன்று லோ கியர். வண்டி ஆமையாய் நகரும், ஆனால் பலம் வரும். இவ்வளவுதான் சங்கதி.

முன்னே இருந்த டிரைவர் ஒருவன், முன்சக்கரம் போட்டபடியே செங்கல்பட்டு வரை தார் ரோட்டில் ஓட்டி, உள்ளே பல்சக்கரத்தை உடைத்துவிட்டான். அதிலிருந்து எங்கள் முதலாளி பாய் அந்த லிவரையே கயிற்றால் சீட்டுக் காலோடு இறுக்கிக் கட்டிவிட்டார். மணலோ சேறோ, அவிழ்க்கக் கூடாது. வண்டி அடிக்கடி புதையும். தள்ளுவது நாங்கள்.

அன்றைக்கு பாயும் வண்டியில் வந்தார். டிரைவர் முனுசாமி, முழு லோடோடு ஈரமணலில் நன்றாகத்தான் ஓட்டினார். ரோட்டைப் பார்த்து மேட்டுக்குத் திருப்பியதும் காய்ந்த மணலில் பின்சக்கரங்கள் இறங்கிவிட்டன. கடல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டை வெட்டுகிற சவுக்குத் தோப்புக்குள் போகிற வண்டி வேறு கிடையாது. இது போனால் எங்கள் எட்டுப் பேருக்கும் வேலை போச்சு.

"கயித்த அவுக்கட்டுமா மொதலாளி? தண்ணி வந்துகினு கீது."

"அவுத்தா நீயும் ஒடச்சிடுவ. ஆக்ஸிலேட்டர அமுக்கு!"

"அமுக்குனா பள்ளந்தான் ஆவுது!"

"அப்ப மெதுவா அமுக்கு!"

எங்களில் வாய்த்துடுக்கு கன்னியம்மாவுக்குத்தான். "அண்ணாத்த, பஞ்சாயத்த நடுக்கடல்ல போய் வெச்சிக்குங்க. நாங்க வூட்டுக்குப் போறோம்" என்றாள்.

பாய் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றும் திறக்கவில்லை. கிளை கழிக்கிற கத்தியோடு படியேறி, கயிற்றை அறுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

"இன்னாம்மா பண்ண நீ?" என்று பாய் கத்தினார்.

முனுசாமி சந்தோஷத்தில் லிவரைத் தள்ளி, ஒரே அமுக்காக அமுக்கினார். இப்போது ஆறு சக்கரமும் புதைந்தன. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. புதைந்த பிறகு, லோடும் அப்படியே இருக்க, லிவர் மட்டும் என்ன செய்யும்?

கட்டையெல்லாம் இறக்கிப் போட்டோம். டயர் மணலில் பரந்து பிடிக்கட்டும் என்று பாதிக் காற்றை இறக்கிவிட்டோம். சக்கரத்துக்கு முன்னால் மணலைப் பறித்து ஓலை போட்டோம். முனுசாமிக்கு அப்போதுதான் புத்தி நிதானத்துக்கு வந்தது. லோ கியரைப் போட்டு, காலை அதிகம் அழுத்தாமல் விட்டார். வண்டி முனகிக்கொண்டே மேடேறியது.

இறக்கிய கட்டைகளை அலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போனது. பாய் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "ஐயோ என் கட்ட, என் கட்ட!" என்று தண்ணீருக்குள் ஓடினார்.

"வண்டி கெடச்சுதேன்னு சந்தோசப்படு பாய்!" என்றாள் கன்னியம்மா.

கிடைத்ததைப் பொறுக்கி மறுபடியும் ஏற்றினோம். டயருக்குப் பம்பு அடித்ததும் நாங்கள்தான். தார் ரோடு வந்ததும் பாய், "எடுத்தியா? முன்சக்கர லிவர எடுத்தியா?" என்று முனுசாமியின் உயிரை வாங்கினார். அப்புறம் தினமும் மணல் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி நின்றது. லிவர் போட்ட பிறகுதான் நாங்கள் ஏறினோம்.

இப்போது வருகிற வண்டிகளில் ஒரு பொத்தானைத் திருகினாலே முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதாம். நல்லதுதான் பிள்ளைகளே. மணலில் இறங்குவதற்கு முன்னால் திருகுங்கள், தார் ரோட்டில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மறந்தால், தள்ளப்போவது நீங்கள் இல்லை. வேறு யாரோ.