ஸ்டூலில் இருந்து பார்த்த உலகம்

பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் எனக்கு ஒரு சேலைக்கடை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வியாபாரம் மந்தம். அந்த நேரம் பார்த்துத்தான் என் கணவரும் அவருடைய நண்பரும் வந்து முதலாளித்துவத்தை விசாரிப்பார்கள்.

கணவர் காலமெல்லாம் துப்புரவு வேலை செய்து, தொழிற்சங்கத்தில் கொடி பிடித்து ஓய்வு பெற்றவர். நண்பர் பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க அலுவலகமொன்றில் வேலை பார்த்து இப்போது பென்சன் எடுக்கிறார். புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து இந்த விவாதத்துக்கென்றே ரயில் ஏறி வருவார். வேடிக்கை என்னவென்றால், மாதம் தவறாமல் அரசாங்கப் பணம் வாங்குகிறவர் சந்தையை நம்பினார். பெண்சாதியின் கடையில் சும்மா தேநீர் குடிக்கிறவர் புரட்சியை நம்பினார்.

இடதுசாரிகள் மறுபடியும் எழும்பிவிட்டார்கள் என்று என் கணவர் மேசையில் தட்டுவார். எழும்பினால் என்ன, பாதி வழியில் தங்களுக்குள்ளேயே அடிபட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று நண்பர் சிரிப்பார். பெரும் பணக்காரர்கள், போர்கள், உருகும் பனி எல்லாம் ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் அலசப்பட்டுவிடும். போன கோடையின் வெக்கையில் உலகம் அவிந்துகொண்டிருந்தபோது, விஞ்ஞானம் எதையாவது கண்டுபிடிக்கும் என்று நண்பர் ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டே கடையில் இருந்த ஒரே மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். உலகம் அழிவதற்கு முன் குடித்த கிளாசுகளைக் கழுவி வைத்துவிட்டுப் போகும்படி இருவரையும் கேட்டுக்கொண்டேன். அதற்கு மட்டும் எந்தக் கொள்கையும் இடம் கொடுக்கவில்லை.

அவர்கள் உட்காரும் இரண்டு ஸ்டூலும் உண்மையில் வாடிக்கையாளருக்காக வாங்கியவை. கூறைச்சேலை எடுக்க வரும் குடும்பத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், வயதானவர்கள் உட்காருவார்கள். என்னிடம் வேலை செய்கிறவள் சேலையை உதறி விரித்து, தன் தோளில் போட்டு, இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்டுவாள். வன்னியில் இருந்து வந்தவள், நாற்பதைத் தாண்டியவள். ஒரு நாளில் ஐம்பது சேலை அவள் தோளில் ஏறி இறங்கும். விற்கிறவள் நின்றால்தான் வாங்க வருகிறவர்களுக்கு மரியாதை என்பது நான் போட்ட சட்டம். உட்கார்ந்திருப்பவளைக் கண்டால் சம்பந்தி வீட்டாரின் முகம் கறுத்துவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற்றத்தாழ்வு பற்றிய விவாதம் உச்சத்தில் இருந்தபோது, மேசை லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோலைத் தேடினேன். ரவிக்கைத் துணிகளின் அடியில் ஒரு கடிதம் கிடந்தது. அவளுடைய டொக்டர், முதலாளியான எனக்கு எழுதியது. கால் நரம்புகள் வீங்கியிருக்கின்றன, நெடுநேரம் நிற்கக் கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும். திகதியைப் பார்த்தால் மூன்று கிழமை ஆகியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். கல்யாண சீசன் தொடங்கும் நேரம் இதையா ஒளித்து வைத்தாள்? பிறகுதான் அடுத்த மாதம் அவளுடைய கொன்ரா, வேலை ஒப்பந்தம், முடிகிறது என்பது நினைவுக்கு வந்தது. அதைப் புதுப்பித்து அவளை வேலையில் வைத்திருப்பதா இல்லையா என்பது என் கையில் இருந்தது.

கடிதத்தை உரத்து வாசித்தேன். இதுதான் அப்பட்டமான உழைப்புச் சுரண்டல் என்றார் கணவர். இதற்கெல்லாம் இந்த நாட்டில் எப்போதோ சட்டம் வந்துவிட்டது என்றார் நண்பர். எனக்குத் தெரிய அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். ஆனால் ஒருவரும் ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவள் தோளில் ஒரு மாம்பழ நிறச் சேலையோடு நடுவில் நின்றாள்.

"ரெண்டு பேரும் முதல் எழும்புங்கோ" என்று கத்தினேன்.

எழும்பினார்கள். அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை? இவையள் இவ்வளவு கதைக்கினம், இவையளிட்டையாவது சொல்லியிருக்கலாமே."

அவள் சேலையைத் தோளில் இருந்து இறக்கி, கரை பிசகாமல் மடித்தாள்.

"இவையள் எந்தப் பக்கம் எண்டு தெரியும் அக்கா. நீங்கள் எந்தப் பக்கம் எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கவனித்தேன். கணவர் நின்றார், நண்பர் நின்றார், அவள் நின்றாள். கல்லாவுக்குப் பின்னால், மெத்தை வைத்த கதிரையில், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் அதை ஒரு கதிரையாகவே நான் எண்ணியதில்லை. வெட்கமாக இருந்தது. எழும்பி அதை அவள் பக்கம் தள்ளினேன்.

கொன்ராவைப் புதுப்பிப்பேன் என்று சொன்ன பிறகுதான் அவள் அதில் உட்கார்ந்தாள்.